விலாங்கு வீட்டின் புகைபோக்கி

நான் உள்ளே நுழைந்ததும் நீங்கள் கோட்டுப் பொத்தானைத் தொட்டுக்கொண்டீர்கள். வெட்கப்பட வேண்டாம் அம்மா, இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். புகைபோக்கி துடைக்கிறவனை எதிரே கண்டால் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும், நினைத்தது நடக்கும். நாற்பது வருடமாக இந்தக் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு தோருன் நகரத் தெருக்களில் நடக்கிறேன். நீதிபதி தொட்டிருக்கிறார், பாதிரியார் தொட்டிருக்கிறார். குடிகாரர்கள் அவசரத்தில் தங்கள் பொத்தானை விட்டுவிட்டு என் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதில் எனக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது.

பெயர் ஸெனோன் தெம்பெக். வயது அறுபத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வந்தேன். சலோமியா ருத்னிட்ஸ்காவின் மரணம் பற்றிய வழக்குக் கோப்பை நீங்கள் மூடிவிட்டீர்கள் என்பது தெரியும். அதிலுள்ள ஒரே ஒரு சொல்லைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். "இறந்தவரின் கவனக்குறைவால்" என்று எழுதியிருக்கிறது. அது தப்பு. அந்த அம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவர். இழுத்துப் பார்த்தோமா என்று மறுபடியும் வருவார். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அதைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவார். அப்படிப்பட்டவரைக் கவனக்குறைவானவர் என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீடு இல்லாமல் இந்தக் கதை நிற்காது.

விலாங்கு வீட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆற்று வாசலில் இருந்து மூன்றாவது. வாசற்படிக்கு மேலே கல்லில் ஒரு விலாங்கு மீன் நெளிகிறதே, அதுதான். முகப்புச் சுவர் படிப்படியாக ஏறி, கூரான வளைவுகளோடு மேலே முடியும். அறுநூறு வருடத்துச் செங்கல். இரண்டாம் மாடி ஜன்னலுக்குக் கீழே ஒரு கல்லில் நாயின் கால் தடம் இருக்கிறது. சூளைக்குப் போகுமுன் ஈரக் கல்லின் மேல் ஏதோ ஒரு நாய் ஓடியிருக்கிறது, பாவம், அதற்கென்ன தெரியும். விஸ்துலா ஆற்றில் தானியப் படகுகள் வந்த காலத்தில் உப்பும் மீனும் கோதுமையும் அந்த முன்கூடத்தில்தான் இறங்கின. மூட்டை தூக்கும் மரச் சக்கரம் இன்றும் பரணில் கிடக்கிறது. நடுவில் அந்தப் பெரிய புகைபோக்கி, ஒரு ஆள் உள்ளே ஏறலாம். என் அப்பா ஏறியிருக்கிறார். பிற்காலத்தில் வந்தவர்கள் அறைக்கு ஒரு கணப்பைக் கட்டி, ஒவ்வொன்றின் புகைக்குழலையும் அந்த ஒரு தொண்டைக்குள்தான் விட்டார்கள்.

எனக்கு அந்த வீட்டின்மேல் பிரியம். மனிதர்கள் என்னைத் தொடுவதற்குப் பதில் பொத்தானைத் தொடுவார்கள். வீடு அப்படியில்லை. கூரையில் உட்கார்ந்து செங்கல்மேல் கையை வைத்தால் வெயிலைச் சேர்த்துவைத்திருந்து கொடுக்கும்.

போருக்குப் பிறகு அதை ஒன்பது குடியிருப்பாகப் பிரித்தார்கள். ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு புறநகரின் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கடைசியில் மிஞ்சியவர் சலோமியா அம்மாள் ஒருவர்தான், முதல் மாடியில், ஆற்றைப் பார்த்த அறையில். நாடக அரங்கில் உடை தைத்தவர். அரசிகளுக்கும் பிச்சைக்காரர்களுக்கும் ஒரே ஊசி என்பார். கணவர் எப்போதோ இறந்துவிட்டார். மகன் யானுஷ் க்தினியாவில், துறைமுகத்தில் வேலை. வருடத்துக்கு நான்கு முறை நான் புகைபோக்கி துடைக்கப் போவேன். போகும்போதெல்லாம் என் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொள்வார்.

"ஊரே உங்க பொத்தானப் பிய்க்குது, நான் ஒருத்தி தெச்சுக்கிட்டே இருக்கேன். எனக்கு எப்பத்தான் அதிர்ஷ்டம் வரப்போகுதோ, கரிமூஞ்சி?"

முப்பத்தொரு வருடம். அவர் தைத்துக் கொடுத்த பொத்தான் ஒன்றுகூடப் பிய்ந்ததில்லை, பக்கத்திலிருக்கும் துணிதான் கிழியும்.

ஐந்து வருடம் முன்பு மழைநீர் இறங்கி அவர் அறையின் மேற்பூச்சு ஒரு பாளமாக விழுந்தது. உள்ளே பார்த்தால் ஓவியம் தீட்டிய உத்தரங்கள். கொடி, மாதுளை, பறவைகள், மூலையில் தொப்பி வைத்த ஒரு வியாபாரியின் முகம். ஊரே வந்து பார்த்தது. பழைய கட்டடங்களைக் காக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, ஏணியில் ஏறி, இறங்கி, அழுதார். பிறகு சொன்னார்: கணப்புப் புகை ஒவ்வொரு குளிர்காலமும் இதைத் தின்கிறது, கூரை ஒழுகுகிறது, ஆனால் ஆள் குடியிருக்கும்வரை வேலை தொடங்க முடியாது. புது வீட்டில் வெந்நீர்க் குழாய்ச் சூடு, மின்தூக்கி, எல்லாம் தருவதாகச் சொன்னார்கள்.

சலோமியா அம்மாள் சிரித்தார். "என்னக் கீழ எறக்கணும்னா சவப்பெட்டியில வெச்சுத்தான் எறக்கணும். ஆனா இந்தப் படிக்கட்டு வளைவுல அது திரும்பாது. அளந்து பாத்துட்டேன்."

அளவு நாடா கழுத்திலேயே தொங்கும், அளந்துதான் இருப்பார்.

நான்கு குளிர்காலம் போயிற்று. மாதுளை நிறம் மங்கியது. வியாபாரியின் ஒரு கண் உதிர்ந்தது. வடக்குச் சுவர் கை நுழையும் அளவுக்கு விரிந்தது. ஒரு மனுஷி பிடிவாதமாக இருந்தால் அறுநூறு வருட வீடு சாகும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதை நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். "வீட்டுக்கு என்ன, அது என்ன விட நல்லாத்தான் நிக்குது" என்றார்.

போன வருடம் மார்ச்சில் அந்தச் சாம்பல்கழுத்துக் குட்டிக் காக்கைகள் வந்தன. ஒரு ஜோடி. அவர் கணப்பின் புகை போகும் குழலைப் பார்த்து வைத்துக்கொண்டு, சுள்ளி சுள்ளியாக உள்ளே போட்டன. அந்தப் பறவைக்கு அதுதான் சுபாவம். பத்தில் ஒன்பது கீழே விழும், விழவிழப் போட்டுக்கொண்டே இருக்கும், ஒரு நாள் ஒரு சுள்ளி குறுக்கே மாட்டிக்கொள்ளும். பிறகு கூடுதான். ஜூனில் நான் கூரையிலிருந்து கண்ணாடி பிடித்துப் பார்த்தபோது இரண்டு ஆள் ஆழத்துக்கு அடைத்திருந்தது.

சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மார்ச் முதல் தேதியிலிருந்து அக்டோபர் பதினைந்து வரை கூட்டில் கை வைக்கக்கூடாது. பதினாறாம் தேதி எடுக்கலாம். நான் சட்டத்தை மீறவில்லை. அவசரம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அனுமதி கிடைத்திருக்கும், ஆனால் எழுதிக் கொடு என்று எந்தச் சட்டமும் என்னை வற்புறுத்தவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். காக்கைகளை யாரும் குறை சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் இதை விளக்கமாகச் சொல்கிறேன்.

செப்டம்பர் பரிசோதனைச் சீட்டில் "குழல் சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். நாற்பது வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய்.

நான் நினைத்தது ஒரு தலைவலி. அவ்வளவுதான். கணப்பை மூட்டுவார், புகையில் ஒரு பங்கு சுள்ளிகளுக்கு நடுவே மேலே போகும், மிச்சம் அறைக்குள் இறங்கும். முதலில் இறங்கும் நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது. தலை வலிக்கும், குமட்டும், பயந்துபோய் ஜன்னலைத் திறப்பார். இனி இந்தக் கணப்பு வேண்டாமப்பா என்று புது வீட்டுக்குப் போய்விடுவார். அப்படித் தலைவலியோடு தப்பியவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். தப்பாதவர்களையும் தெரியும், கதவை உடைக்கும்போது கூடவே நின்றிருக்கிறேன். அவர்களை நான் அப்போது கணக்கில் சேர்க்கவில்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி படிக்கட்டில் என்னை நிறுத்தினார். குளிர் முந்திக்கொண்டு வந்துவிட்டிருந்தது. தோளில் கம்பளிச் சால்வை.

"என்ன கரிமூஞ்சி, இந்த வருஷம் குளிர் காலண்டரப் பாக்காமலே வந்துருச்சே."

"ஆமாங்க."

"மூட்டலாமா?"

"மூட்டுங்க, சலோமியாம்மா."

"புகைபோக்கியப் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்தாச்சு."

"நீங்க பாத்தாச் சரி."

இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? கேட்டார். அறிந்தவனிடம் கேட்டார். ஒவ்வொரு இலையுதிர் காலமும் என்னைக் கேட்காமல் அவர் ஒரு தீக்குச்சி கிழித்ததில்லை. சொன்னோம், கேட்கவில்லை, பதினாறாம் தேதிவரை பொறுக்கச் சொல்லியும் அவசரப்பட்டார் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னது நான்தான். செப்டம்பர் சீட்டில் சுத்தம் என்றிருக்கிறதே என்றபோது, குளிர் வந்ததும் காக்கைகள் நாலு நாளில் ஒரு குழலை அடைத்துவிடும் என்றும் சொன்னேன். நம்பினார்கள். புகைபோக்கி விஷயத்தில் இந்த ஊரில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஆகவே அந்தக் "கவனக்குறைவு" என் வாயிலிருந்து போனது, என் வாய்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும்.

மறுநாள் காலை எனக்கு எதிர்வீட்டுக் கூரையில் வேலை. ஒன்பதரை இருக்கும், ஜன்னல் வழியாகக் கரி வாளியோடு அவர் போவது தெரிந்தது. பத்து மணிக்கு விலாங்கு வீட்டின் புகைபோக்கியில் நூல் மாதிரி ஒன்று எழுந்தது. பிறகு அதுவும் இல்லை. பத்தேகாலுக்கு இல்லை. பதினொன்றுக்கு இல்லை. நெருப்பு எரியும் வீட்டுக்கு மேலே சுத்தமான வானம். சுத்தமான வானத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறவன் என் தொழில்காரன் ஒருவன்தான். நான் தூரிகையை இறக்கினேன், ஏற்றினேன். ஒரு வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. மதியம் ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் சாப்பிட்டேன். இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எல்லாவற்றையும் சொல்வதென்றுதான் வந்தேன்.

நான்கு மணிக்குக் கதவைத் தட்டினேன். பூட்டியிருக்கவில்லை. மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தலை கொஞ்சம் சாய்ந்து. நீல உடை. கன்னம் இளம்பெண்ணுக்குச் சிவப்பது போலச் சிவந்திருந்தது, அந்த நச்சு அப்படித்தான் செய்யும். மேஜையில் ஆப்பிள் கேக், வெட்டவில்லை. சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டு, செர்ரிப் பழ மதுப் புட்டி ஒன்று. அறை கதகதப்பாக இருந்தது.

முதலில் ஜன்னல்களைத் திறந்தேன். புகை அந்த ஓவியத்துக்கு ஆகாது.

பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஆற்றின்மேல் வெளிச்சம் போகும்வரை. அதன் பிறகுதான் ஆள் கூப்பிட்டேன். தீயணைப்புக்காரர்களில் ஒருவன் என்னை அடையாளம் கண்டதும் பொத்தானைத் தொட்டான், பிறகு எதற்கு வந்திருக்கிறோம் என்று நினைவு வந்து கையை எடுத்துவிட்டான். சவப்பெட்டி அந்தப் படிக்கட்டு வளைவில் திரும்பியது. நிமிர்த்தித்தான் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் அவ்வளவு அருகில் அவரோடு நான் நடந்தது அன்றுதான்.

வீட்டில் இப்போது சாரம் கட்டியிருக்கிறார்கள். கூரை போட்டாயிற்று. போன புதன்கிழமை அந்த அலுவலகப் பெண் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "இந்த வீட்ட உங்கள மாதிரி நேசிச்சவங்க யாரு இருக்கா, நீங்கதான் முதல்ல பாக்கணும்" என்றார். பார்த்தேன். கரியெல்லாம் துடைத்து, மாதுளை சிவந்து, பறவைகளுக்கு அலகு வந்து, வியாபாரிக்குக் கண் வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது உத்தரத்தில் பூசிய சாயம், அம்மா. கீழே நாற்காலி இல்லை, தையல் இயந்திரம் இல்லை, கரிமூஞ்சி என்று கூப்பிட ஆளில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துத் தானும் அழுதார்.

அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: ஸெனோன் தெம்பெக் கூடு இருப்பது தெரிந்தே மூட்டச் சொன்னான், வீடு பிழைக்க வேண்டும் என்பதற்காக.

ஏன் பேனாவை வைத்துவிட்டீர்கள்?

சரி. வீட்டைக் காலி செய்கிறேன் என்ற அந்த ஒப்பந்தத் தாள் உங்கள் கோப்பிலேயே இருக்கிறதா. அக்டோபர் ஆறாம் தேதி. அவர் கையெழுத்து. நான் பார்த்ததில்லை, ஆனால் தெரியும். படிக்கட்டில் நடந்த பேச்சை நான் முழுதாகச் சொல்லவில்லை. குளிர் வந்துவிட்டது என்பதற்கும் மூட்டலாமா என்பதற்கும் நடுவே இன்னும் கொஞ்சம் பேச்சு இருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேன், கரிமூஞ்சி," என்றார். "புது வீடெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டேன், யானுஷ் வீட்டுக்கே போறேன். இருபதாந்தேதி வண்டி எடுத்துக்கிட்டு வர்றான். க்தினியாவுல சுவத்துக்குள்ளயே சூடு வருதாம். மூட்டவும் வேணாம், தொடைக்கவும் வேணாம்."

"நல்லதுங்க."

"நல்லதா? அம்புட்டுத்தானா? முப்பத்தோரு வருஷமா நீங்க, வாங்க, போங்கன்னே காலத்த ஓட்டிட்டோம். 'நீ'ன்னு கூப்பிடலாமான்னு பொம்பளதான் முதல்ல கேக்கணும்னு மொறை இருக்கு, நானும் நீங்க ஒரு கண்ணசைவாவது காட்டுவீங்கன்னு பாத்துப் பாத்துக் கெழவியாவே ஆயிட்டேன். நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. கை கோத்து ஆளுக்கு ஒரு கிண்ணம் குடிச்சுட்டு 'நீ'ன்னு சொல்லிக்குவோம். 'ஸெனோன், நீ ஒரு மக்கு'ன்னு ஒரு தடவையாவது வாயாரச் சொல்லிட்டுப் போறேன்."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"ரூமச் சூடாக்கி வெக்கிறேன். கடைசித் தடவ. மூட்டலாமா?"

மூட்டுங்க என்றேன்.

வீடு காலியாவது ஏற்கெனவே உறுதியான பிறகு வீட்டுக்காக என்ன செய்ய வேண்டியிருந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒரு தலைவலி வந்தால் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போகும். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைப்பார்கள், நான் ஆப்பிள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருடம் இருக்கிறவர் இருக்கிறார் என்று இருந்துவிட்டேன். போகிறவர் இப்படியெல்லாம் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. அந்தக் கிண்ணத்தை நாங்கள் குடிக்கவே இல்லை. அதனால்தான் இன்றுவரை எனக்கு அவர் "நீங்கள்"தான், கவனித்திருப்பீர்கள்.

சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எதிர்க் கூரையிலிருந்து இறங்கி, கை கால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தேநீருக்குப் போகிறவன் எப்படிப் போவானோ அப்படித்தான் போனேன். வெறுங்கையோடும் போகவில்லை. நகர மன்றத்துக்கு முன்னால் பூ விற்கும் அம்மாளை வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், அவருக்கு நினைவிருக்கும். மூன்று மணி. ஆஸ்டர் பூ கேட்டேன்.

"யாருக்கு?"

"ஒரு அம்மா தேநீருக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"அடேயப்பா, புகைபோக்கிக்காரருக்கும் நல்ல காலம் பொறந்துருச்சு. எத்தன குடுக்கட்டும்?"

"ஆறு."

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "ஆறா? என்னங்க இது, உசுரோட இருக்கறவங்களுக்கு யாராச்சும் ரெட்டப்படையில பூக் குடுப்பாங்களா? ரெட்ட கல்லறைக்கு. அஞ்சு கட்டறேன், இல்ல ஏழு."

"இருக்கட்டும்," என்றேன். "ஆறே கட்டுங்க."